நெருப்பில் குளிரும் பெட்டி

அத்தியாயம் 5

தாவீது காணாமல் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆனால் அவன் மனைவி பொன்னி, புருஷனைப் பற்றிப் பேசியதைவிட அவன் ஓட்டிக்கொண்டு போன வேனின் ஃபிரிட்ஜைப் பற்றித்தான் அதிகம் பேசினாள்.

செங்கல்பட்டு ராட்டினக்கிணறில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது துர்காதேவியின் துப்பறியும் அலுவலகம். பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் தொலைந்த நகைகளையும் விசாரித்துவிட்டு, நாற்பது வயதில் சொந்தமாகப் பலகை மாட்டியவள். எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்கள் பாதிப்பேர் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. எதற்காகச் சொல்கிறார்கள் என்பதைத்தான் அவள் தேடுவாள்.

பக்கத்து ஸ்டூலில் திருநாவுக்கரசு. முப்பத்தொரு வருஷம் மின் கம்பத்தில் ஏறி இறங்கி ஓய்வு பெற்ற லைன்மேன். இப்போது துர்காவின் கார் ஓட்டுநர், உதவியாளர். வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் அவர் வேலையில் சேர்த்தி இல்லை.

"வண்டி எங்களுதுதான் மேடம்," என்றாள் பொன்னி. முப்பது வயதிருக்கும். துப்பட்டாவை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தாள். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. "கேரவன் வேன். டூரிஸ்ட்டுங்களுக்கு வாடகைக்கு வுடுவோம். உள்ளயே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் கீது. செவ்வாக்கிழமை காலைல எடுத்துகினு போனார். 'வந்துடறேன்'னு ஒரு மெசேஜ். அதோட போன் ஆஃப்."

"போலீஸ்ல?"

"எழுதிக் குடுத்துட்டேன். வயசு வந்த ஆளு, சொந்த வண்டி, அவரா வந்துடுவாருன்னாங்க."

"சண்டை எதுனா?"

"இல்ல."

அந்த 'இல்ல' ஒரு மூச்சு தாமதமாக வந்தது. துர்கா அதைக் குறித்துக்கொண்டாள்.

"ஃபிரிட்ஜைப் பத்தியே சொல்ற. உள்ள இன்னா கீது?"

பொன்னி சுவரைப் பார்த்தாள். "மருந்து. இன்சுலின். அவருக்குச் சுகர். குளிர்ச்சி போச்சுன்னா வீணாப் போயிடும். ஃபிரிட்ஜ் நின்னுடக் கூடாது மேடம். அது மட்டும் நின்னுடக் கூடாது."

போனில் ஒரு படம் காட்டினாள். இடுப்பு உயர ஃபிரிட்ஜ். கதவுக்கு மேல் ஒரு திருகு. அதைச் சுற்றி மூன்று சின்னப் படங்கள்: ஒரு பேட்டரி, ஒரு பிளக், ஒரு தீச்சுடர்.

திருநாவுக்கரசு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஃபிரிட்ஜில நெருப்புப் படம் போட்டுகீது?"

"கேஸ்லயும் ஓடும் சார். பின்னாடி சின்னதா ஒரு சுடர் எரியும். அந்தச் சூட்டுல உள்ள குளுரும்."

"நெருப்பு வெச்சா குளுருமா! என் சம்சாரம் இந்தக் கம்பெனி மாடல்தான் போல. அது நெருப்பா நின்னுதுன்னா வூடே குளுந்து போயிடும்."

பொன்னியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

துர்கா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். வண்டி ஓடும்போது பேட்டரியில் வைப்பார்கள். என்ஜின் அதற்குச் சக்தி கொடுத்துக்கொண்டே வரும். நின்றபிறகு பேட்டரியில் விட்டால் சில மணி நேரத்தில் உறிஞ்சித் தீர்த்துவிடும். நல்ல வெயில் அடித்தால் மட்டும் கூரைமேல் இருக்கும் சோலார் தகடு பகல் முழுக்கத் தாங்கிப் பிடிக்கும். வீட்டருகே நின்றால் ஒயர் இழுத்துப் பிளக்கில் மாட்டுவார்கள். கரண்ட் இல்லாத இடத்தில் கேஸ்.

"சிலிண்டர்?"

"அஞ்சு கிலோ சிலிண்டர். காலியாயிடுச்சு. ரொப்பறதுக்கு எறக்கி வெச்சிருந்தார். அதை வூட்டுலயே வுட்டுட்டுப் போயிட்டார்."

துர்கா எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே ரோட்டில் மூன்று நாள் மழையின் சேறு. இன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது.

"செவ்வாக்கிழமை வெயில் இருந்துது. சோலார்ல ஓட்டியிருப்பான். புதன் விடியல்ல மழை புடிச்சது, நேத்து சாயங்காலம் வரைக்கும் வுடல. வெயில் இல்ல, கேஸ் இல்ல. ராப்பகலா யாரும் வண்டி ஓட்ட முடியாது." திரும்பினாள். "அண்ணாத்த, ஆளைத் தேட வேணாம். பிளக்கைத் தேடலாம்."

"அப்ப அது என் டிபார்ட்மெண்ட்டு," என்று திருநாவுக்கரசு போனை எடுத்தார். "ரோட்டோரம் புதுசா ஒரு ஒயர் தொங்கிச்சுன்னா, அந்த ஏரியா லைன்மேன் கண்ணுலேர்ந்து தப்பாது."

டூரிஸ்ட் வண்டிகள் போகும் கடற்கரைச் சாலையில் கோவளம், நெம்மேலி, பட்டிபுலம் என்று பழைய சிநேகிதர்களுக்கு ஒவ்வொரு போனாகப் போட்டார். ஆறாவது போனில் முட்டுக்காடு ராஜேந்திரன் கிடைத்தார். வியாழக்கிழமை ஒரு ஜூஸ் கடையிலிருந்து மஞ்சள் ஒயர் ஒன்று வெள்ளை வேனுக்குள் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். மழையில் இப்படி இழுக்காதே என்று கடைக்காரனைத் திட்டியதாகவும் சொன்னார்.

கிளம்பும்போது பொன்னி படியில் நின்று திரும்பினாள். "அவரைக் கண்டா திட்டாதீங்க மேடம். மொதல்ல ஃபிரிட்ஜைப் பாருங்க."

அவள் இறங்கிப் போனபிறகும் அறையில் மல்லிகை வாசனை நின்றது.

"அந்தம்மா தலையில பூவே இல்ல மேடம். ஆனா ஒரு பூக்கடையே வந்துட்டுப் போன மாதிரி கீது," என்றார் திருநாவுக்கரசு. "புருஷன் காணாமப் போன துக்கத்துல செண்ட்டு தூக்கலாப் போட்டுகினு வந்துடுச்சோ இன்னாமோ."

துர்காவும் கவனித்திருந்தாள். ஆனால் அவள் மனம் பிளக்கின் பின்னால் போயிருந்தது.

---

முட்டுக்காட்டுக் கழிமுகம் மழைத் தண்ணீரில் செம்மண் நிறமாக இருந்தது. படகுகள் கட்டிக் கிடந்தன. ஜூஸ் கடை சரவணகுமார் சாத்துக்குடியை அறுத்தபடியே பேசினான்.

"தாவீது அண்ணன் தெரிஞ்சவருதான். டூரிஸ்ட்டோட வந்தா நம்ம கடையிலதான் நிப்பாட்டுவாரு. புதன்கிழமை தனியா வந்தாரு. ரெண்டு நாளு பிளக் போட்டுக்கட்டுமான்னாரு. போட்டுக்கோன்னேன்."

"ஆளு எப்படி இருந்தான்?"

"சரியா துன்னல. நாஸ்தா வாங்கியாந்து குடுத்தா அப்படியே வெச்சிருப்பாரு. அரை மணிக்கொரு தபா உள்ள போய் ஃபிரிட்ஜுல கை வெச்சிப் பாப்பாரு. கொயந்தைக்கு ஜொரம்னா நெத்தியைத் தொட்டுப் பாப்பாங்களே, அந்த மாதிரி."

"எப்ப கிளம்பினான்?"

"நேத்து காலைல. வெள்ளிக்கிழமை. அதுக்கு மொத நாள் ராத்திரி மழைக்குக் கரண்ட் போயிடுச்சு. யாருக்கும் தெரியல, எல்லாரும் தூக்கம். நான் ஏழு மணிக்குக் கடை தொறக்க வந்தேன். அப்பதான் எழுந்து வந்தாரு. ஃபேன் சுத்தாததைப் பாத்தாரு. ஓடினாரு உள்ள." சரவணகுமார் கத்தியை வைத்தான். "வெளிய வந்ததும் ஐஸ் கேட்டாரு. கடையில இருந்த கட்டி ஐஸைக் காட்டினேன். அதெல்லாம் வேணாம், குடிக்கிற தண்ணி ஐஸு வேணும்னாரு. எல்லாம் மறுபடி கல்லு மாதிரி ஒறைஞ்சிடணும், ஃப்ரீஸர் பெட்டி முழுக்க அடைக்கணும்னாரு. இருந்ததைக் குடுத்தேன். அப்பால சின்ன சிலிண்டர் எங்க கெடைக்கும்னு கேட்டாரு. மாமல்லபுரத்துல அடுப்புக் கடை ஒண்ணு சொன்னேன். மழையிலயே போயிட்டாரு."

துர்கா நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் நீண்ட மதில் முடிந்ததும் சொன்னாள்.

"பொன்னி பொய் சொல்லியிருக்கா அண்ணாத்த."

"எதுல?"

"எங்கப்பா ஒம்போது வருஷம் இன்சுலின் போட்டுகினாரு. ஒருவாட்டி தெரியாம ஃப்ரீஸர்ல வெச்சுட்டேன். ஒறைஞ்சா அது குப்பைக்குத்தான்னு மருந்துக் கடைக்காரர் தூக்கிப் போட்டார். சில்லுன்னு இருக்கணும், ஒறையவே கூடாது. தாவீது கல்லு மாதிரி ஒறையணும்னு கேட்டிருக்கான்."

"அப்ப மீனா?" என்றார் திருநாவுக்கரசு. "குடிக்கிற தண்ணி ஐஸு போட்டு மீனை வெக்கறவன் இந்தக் கரையிலேயே இருக்க மாட்டான். ஐஸ்கிரீம்னு வெச்சுக்கலாமா? புருஷன் ஐஸ்கிரீமோட ஓடிட்டான்னு சொல்ல வெக்கப்பட்டு..."

துர்கா சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள். கடல் காற்று உப்பாக உள்ளே வந்தது. ஆனால் அவள் மூக்கில் நின்றது காலையில் அறையில் இருந்த வாசனை. தலையில் பூ இல்லை. அவ்வளவு பூவும் எங்கே இருந்திருக்கும்?

எட்டு வருஷத்துக்கு முன்னால், செங்கல்பட்டிலேயே ஓர் ஆஸ்பத்திரி வார்டில், அவள் தன் சொந்தக் கையால் அக்காவுக்கு அதைக் கட்டிவிட்டிருக்கிறாள். நான்கு முழம் மல்லியை வெள்ளைத் துணியில் வைத்து. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, இறுக்கிக் கட்டு, இன்னும் இறுக்கிக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

துர்காவுக்கு விளங்கிவிட்டது. திருநாவுக்கரசிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

---

மாமல்லபுரம் கடைத்தெருவில் அடுப்பு, சிலிண்டர், ஆணி, கீல் எல்லாம் சேர்ந்து விற்கும் கடை அது. கல்லாவில் சுஷ்மிதா என்ற பெண். தாவீதின் போட்டோவைப் பார்த்ததுமே தலையாட்டினாள்.

"நேத்து மத்தியானம். தொப்பரையா நனைஞ்சுகினு வந்தாரு. அஞ்சு கிலோ சிலிண்டர் வாங்கினாரு. அப்பால ஒரு ரசமட்டம் வாங்கினாரு."

"ரசமட்டமா? கொத்தனாருங்க தரை சமமா கீதான்னு வெச்சிப் பாப்பாங்களே, அதுவா?" என்றார் திருநாவுக்கரசு. "வண்டியில வூடு கட்டப் போறானா?"

"நானும் அதேதான் கேட்டேன் சார். கேஸ்ல ஃபிரிட்ஜ் ஓடணும்னா வண்டி சமமா நிக்கணுமாம். கொஞ்சம் சாஞ்சாலும் சுடர் எரியும், ஆனா உள்ள குளுராதாம். அப்ப சக்கரத்துக்கு வெக்கப் பலகை எடுத்துக்கோங்கன்னேன். வேணாம்மா, நான் போற எடத்துல தரை சமமாத்தான் இருக்கும், சும்மா ஒரு தபா பாத்துக்கத்தான்னாரு."

வெளியே வந்ததும் திருநாவுக்கரசு காரில் சாய்ந்துகொண்டு கடலோரம் முழுவதையும் கையால் காட்டினார். "சமமான தரை! கரையில நின்னா மணல்ல சக்கரம் எறங்கும். ரோட்டோரம் மழைத் தண்ணி ஓடறதுக்காகச் சாய்ச்சே போட்டிருப்பான். இந்த ஊர்ல சமமா இருக்கறது ஓட்டல் தோசைக்கல்லு ஒண்ணுதான் மேடம்."

"பாக்காமலே சமமா இருக்கும்னு எப்படிச் சொன்னான்? அந்தத் தரையில அவன் நின்னிருக்கான். அதுவும் ரொம்ப நாளு முந்தி இல்ல." துர்கா போனை எடுத்தாள். "கடலோரமா தெக்கால போய்க்கினே கீறான். அது எதுன்னு பொன்னிக்குத் தெரியும்."

முதல் மணியிலேயே பொன்னி எடுத்தாள். "கெடைச்சாரா?"

"இன்னும் இல்ல. பொன்னி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பெட்டியில இன்சுலின் இல்ல. சரியா?"

துர்கா காத்திருக்காமல் தொடர்ந்தாள்.

"காலைல உன் தலையில பூ இல்ல. நீ உள்ளாற கட்டியிருந்த. பால் வத்தறதுக்கு."

திருநாவுக்கரசு சட்டென்று நிமிர்ந்தார். துர்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மாமல்லபுரத்துக்குத் தெக்கால, கல்பாக்கம் பக்கமா, சதுரங்கப்பட்டினம் பக்கமா, தாவீதுக்கு யாராச்சும் கீறாங்களா?"

பொன்னி சொன்னாள். "சதுரங்கப்பட்டினத்துல கீறா."

"யாரு?"

"எங்க பொண்ணு."

துர்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"திங்கக்கிழமைதான் கொண்டுபோய் வெச்சோம்," என்றாள் பொன்னி. "அவங்க குடும்பத்துக் கல்லறைத் தோட்டம் அங்கதான். பத்தொம்போது நாள் உசுரோட இருந்தா மேடம். ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பெட்டியில."

"அங்க சிமெண்ட் தரை எதுனா கீதா?"

"உள்ள நுழைஞ்சதும் கீது. பொட்டியை எறக்கி வெச்சு ஜெபம் பண்றதுக்கு." குரல் உடைந்தது. "நானும் வரேன். இப்பவே ஆட்டோ புடிச்சு வரேன்."

---

டச்சுக் கோட்டை மதிலைத் தாண்டி, சவுக்குத் தோப்பின் ஓரமாகப் போனால் கல்லறைத் தோட்டம். இரும்புக் கேட் திறந்தே கிடந்தது. சிமெண்ட் தரை நடுவில், கோடு போட்டு நிறுத்தியது போல் வெள்ளை வேன். பின்பக்கத்துச் சின்னக் காற்றுத் துளைகள் வழியாகச் சூடான காற்று வந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடிக்கொண்டிருந்தது.

தாவீது வேன் படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார தாடி. ஓட முயற்சிக்கவில்லை. யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"பொன்னி அனுப்பிச்சாளா?"

"ஆமா. வந்துகினு கீறா," என்றாள் துர்கா.

அவன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். பத்தடி தள்ளி ஈர மண் மேடு ஒன்று, முழங்கை நீளம்தான் இருக்கும். அதன் தலைமாட்டில் மரச் சிலுவையில் கறுப்புப் பெயிண்ட்டில் எழுதியிருந்தது: சிநேகா. 19 நாள்.

துர்கா அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவள் கேட்காமலே அவன் பேச ஆரம்பித்தான்.

"ஏழாவது மாசத்துலயே பொறந்துட்டா மேடம். எண்ணூத்தி அம்பது கிராம். குழாய் வழியாத்தான் பாலு. ஒரு தபாக்கு ரெண்டு மில்லி, மூணு மில்லி. பொன்னிக்கு நெறைய ஊறும். மூணு மணிக்கொரு தபா எடுக்கணும், இல்லன்னா வத்திடும்னு நர்ஸம்மா சொன்னாங்க. மிச்சத்தை வெக்க வார்டுல எடம் பத்தல. நம்ம வண்டியிலதான் ஃபிரிட்ஜ் கீதேன்னு ஆஸ்பத்திரி காம்பவுண்டுலயே கொண்டாந்து நிறுத்தினேன். பத்தொம்போது நாளும் நாங்க இதுலதான் இருந்தோம்."

அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ பால் குடுத்தா. டாக்டருங்க மருந்து குடுத்தாங்க. நர்ஸம்மா தொடச்சு விட்டாங்க. எனக்கு உள்ள போகக்கூட ஒரு நாளைக்குப் பத்து நிமிசம்தான். எனக்குன்னு இருந்த ஒரே வேல இந்தப் பெட்டி சூடாவாம பாத்துக்கறது. கரண்ட் போச்சுன்னா கேஸு. கேஸு தீந்தா வண்டியைப் போட்டு ரெண்டு ரவுண்டு. நல்லாத்தான் பண்ணேன். ஒரு நாளு தவறல."

"அப்புறம் எதுக்கு எடுத்துகினு போன?"

"திங்கக்கிழமை இங்க வெச்சிட்டு வூட்டுக்குப் போறோம். நர்ஸம்மா போன் பண்றாங்க. வார்டுல இன்னொரு கொயந்தை, அம்மாவுக்குப் பாலில்ல, உங்களுது இருக்கே, குடுக்கறீங்களான்னு. பொன்னி உடனே சரின்னுட்டா. கண்ணுல தண்ணிகூட இல்ல. நாளைக்குக் காலைல கொண்டாரோம்னுட்டா." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "தப்பு இல்ல மேடம். அது தப்பே இல்லன்னு எனக்கும் தெரியும். செவ்வாக்கிழமை நானே கொண்டுபோறேன்னு கிளம்பினேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போனேன். ஸ்டியரிங் திரும்பல. நேரா போயிட்டேன்."

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். "பரவால்ல தம்பி. அதான் காப்பாத்தி வெச்சிகீறியே. அந்தக் கொயந்தைக்கு இன்னிக்கே கொண்டுபோயிடலாம்."

தாவீது படியிலிருந்து நகர்ந்து வழி விட்டான்.

துர்கா உள்ளே ஏறினாள். மேலே ஃப்ரீஸரின் சின்னக் கதவைத் திறந்தாள். வெண்புகை போலக் குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே பால் பைகள், ஒவ்வொன்றிலும் பொன்னியின் கையெழுத்தில் தேதியும் மணியும். தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரிதான் இருந்தது.

ஒரு பையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டாவதை இழுத்தாள். அதுவும் வரவில்லை. தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறைய வைத்த பைகள் தனித்தனியாகத்தான் வர வேண்டும். இவை ஒன்றுக்குள் ஒன்று வழிந்து, பெட்டியின் அடிப்பாகத்தின் வடிவத்திலேயே ஒரே பாளமாகப் பிடித்திருந்தன. பைகளுக்கு வெளியே மஞ்சளாக ஒரு படலம்.

இந்தப் பால் ஒருமுறை முழுசாக உருகியிருக்கிறது. பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியும் இதை ஒரு குழந்தைக்குக் கொடுக்காது.

அவள் திரும்பினாள். தாவீது வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூங்கிட்டேன் மேடம்," என்றான். "முட்டுக்காட்டுல. மூணு நாளா கண்ணு மூடல. வியாழக்கிழமை ராத்திரி கொஞ்சம் சாஞ்சேன். எப்ப கரண்ட் போச்சுன்னே தெரியல. காலைல தொறந்தா எல்லாம் தண்ணி. ரெண்டு பை ஒழுகி, வாடையே வந்துடுச்சு."

துர்காவுக்குச் சிலிண்டர் ஞாபகம் வந்தது. ஐஸ் கேட்டதும், ரசமட்டம் வாங்கியதும். அத்தனையும் வெள்ளிக்கிழமை. அத்தனையும் பால் கெட்ட பிறகு.

"கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுமா கேஸ் வாங்கின?"

"தெரியும்," என்றான் அவன். "ஆனா ஆஃப் பண்ண கை வரல. யாரும் என்னை நிறுத்துன்னு சொல்லவே இல்ல மேடம். கொயந்தை போனப்பகூட இன்னா பண்ணணும், எங்க கையெழுத்துப் போடணும்னு எல்லாம் சொன்னாங்க. இதை நிறுத்திடுன்னு யாரும் சொல்லல."

திருநாவுக்கரசு வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். துர்கா அவரைக் கூப்பிடவில்லை.

---

ஐந்தேகாலுக்கு ஆட்டோ வந்தது. பொன்னி கேட்டிலிருந்து நடந்து வந்தாள். முதலில் மண் மேட்டைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். யாரும் அழவில்லை.

"உருகிடுச்சு பொன்னி," என்றான் தாவீது. "எல்லாமே. நான் தூங்கிட்டேன்."

அவள் அவனைத் தாண்டி வேனுக்குள் ஏறினாள். ஃப்ரீஸர் கதவு திறக்கும் சத்தம். துர்கா படியோரம் நின்றாள், உள்ளே எட்டிப் பார்க்காமல்.

"நீ எப்ப சாப்ட?" உள்ளிருந்து பொன்னியின் குரல்.

"தெரியல."

"கண்ணெல்லாம் இன்னா இப்படிக் கீது?"

தாவீது படிக்கட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அப்போதுதான் அழுதான். சத்தமே வராத அழுகை. முதுகு மட்டும் குலுங்கியது.

பொன்னி பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். துப்பட்டாவில் ஏந்தியிருந்தாள். மேட்டருகே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். தாவீதும் எதிரில் போய் உட்கார்ந்தான். மேற்கு வெயில் சவுக்குத் தோப்பின் இடையில் வந்தது. ஓரத்திலிருந்து அது மெதுவாக இளக ஆரம்பித்தது. ஒரு பை கழன்றதும் அவள் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"ஏழாம் நாளு, ராத்திரி மூணு மணி. அன்னிக்குத்தான் அவ கண்ணைத் தொறந்தா."

பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்து, பாலை மண்ணில் விட்டாள். மண் குடித்தது.

அடுத்த பையை அவன் கழற்றினான். "பதினோராம் நாளு, மத்தியானம் பன்னெண்டு."

"அன்னிக்கு அஞ்சு மில்லி குடிச்சா."

"ஆறு," என்றான் அவன். "அன்னிக்கு ஆறு."

அப்படியே ஒவ்வொன்றாகப் போயிற்று. துர்கா கேட்டருகே போய் நின்றுகொண்டாள். திருநாவுக்கரசு பக்கத்தில் வந்து நின்றார். பேச வாயெடுத்தார். மூடிக்கொண்டார். கடைசிப் பைகள் இன்னும் கல்லாக இருந்தன. அவற்றை இருவரும் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள்.

சரியாக ஆறு மணிக்குப் பொன்னியின் போன் அடித்தது.

வீட்டிலிருந்து யாரோ என்று துர்கா நினைத்தாள். பொன்னி எடுக்கவில்லை. அது அழைப்பு இல்லை, அலாரம். அடித்துக்கொண்டே இருந்தது. தாவீது திரையைப் பார்த்தான். மூணு மணிக்கொரு தபா பால் எடுக்கணும் என்று நர்ஸ் சொன்ன அந்த நேரம்.

"நீ இன்னும் இதை ஆஃப் பண்ணலயா?" என்றான்.

"ராத்திரி ஒம்போது, பன்னெண்டு, மூணு, எல்லாத்துக்கும் அடிக்குது," என்றாள் அவள். "எழுந்து உக்காந்துகினு இருப்பேன்."

அவன் அவளையே பார்த்தான். உடனே சரி சொன்னவள், கண்ணில் தண்ணீர் வராதவள் என்று ஐந்து நாளாக அவன் நினைத்துக்கொண்டிருந்தவள். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவளிடமிருந்து போனை வாங்கினான். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒன்றை அழுத்தினான். சத்தம் நின்றது.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்ல," என்றான் தாவீது. "பத்து நிமிசம் தள்ளி வெச்சிகீறேன்."

பொன்னி தலையாட்டினாள். அடுத்த பையை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.